மரத் தளம் அமுங்குகிறதா, வழுக்குகிறதா, வளைகிறதா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

வீட்டுக்கு வெளியே போட்ட மரத் தளம், நாம் எல்லோரும் டெக் என்று சொல்வது, கெட ஆரம்பித்தால் கோலாலம்பூரில் இரண்டு வகை ஆலோசனை கிடைக்கும். ஒரு கான்ட்ராக்டர் வந்து நின்றபடியே பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் பிரிச்சுப் புதுசா போட்டுடலாம்" என்பார். இன்னொருவர், "மேலே தேய்ச்சு ரெண்டு கோட்டு அடிச்சா போதும்" என்பார். இருவரும் ஒரு பலகையைக்கூடக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மேலே தெரியும் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் பலகைக்குக் கீழே இருக்கிறது. தண்ணீர் எங்கே தேங்குகிறது, காற்று எங்கே போகாமல் நிற்கிறது? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரியாமல் செய்யும் எந்தப் பழுதும் அடுத்த மழைக்காலத்தில் திரும்ப வரும். ஆகவே இந்த வழிமுறை முழுக்க அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போவதாகவே இருக்கும்.

நம் ஊர்க் காற்றை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,500 மி.மீ. மழை, காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. மழையே படாமல் கூரைக்குக் கீழே இருக்கும் மரம்கூட 15 முதல் 18 விழுக்காடு ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்காமல் இருக்க வேண்டுமென்றால் அந்த ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இடைவெளி எவ்வளவு குறுகலானது பாருங்கள். குளிர் நாட்டுக்காரர்கள் வீடியோவில் காட்டும் பக்குவம் நமக்குப் பல நேரம் பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

ஒரு டார்ச் லைட், ஒரு பழைய தட்டை ஸ்க்ரூடிரைவர், ஒரு வாளித் தண்ணீர். இவை போதும். ஈரம் அளக்கும் மீட்டர் ஹார்ட்வேர் கடையில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்க்ரூடிரைவரைப் பலகையின் நுனியிலும், இரண்டு பலகை சேரும் இடத்திலும், ஸ்க்ரூவைச் சுற்றியும் அழுத்திக் குத்துங்கள். நல்ல மரத்தில் நுனி ஓரிரண்டு மில்லிமீட்டர்கூட இறங்காது. அரை செ.மீ. சுலபமாக இறங்கினால் அங்கே மக்கல் தொடங்கிவிட்டது. அடுத்து, தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று கவனியுங்கள். அரை மணி நேரம் கழித்து டார்ச்சை அடித்துப் பலகைச் சந்து வழியாகக் கீழே பாருங்கள். தண்ணீர் இன்னும் பளபளத்தால் உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேயே தெரிந்துவிட்டது. ஏடிஸ் கொசு முட்டையிடவும் அந்தத் தேக்கம் போதும். டிங்கி பரவும் நாட்டில் இதை மரப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது.

பச்சை படிந்து வழுக்குகிறது, கருப்புப் புள்ளி விழுகிறது

பச்சை என்றால் பாசி, கருப்பு என்றால் பூஞ்சணம்; மேலே சொன்ன மக்கச் செய்யும் வகையல்ல, வேறு வகை. இரண்டும் மேற்பரப்பில்தான் இருக்கும். மரத்தின் பலத்தைத் தின்னாது. ஆனால் வயதானவர்கள் நடக்கும் வீட்டில் வழுக்கல் சின்ன விஷயமில்லை, உடனே எடுத்துவிட வேண்டும்.

ஆக்சிஜன் ப்ளீச் என்று துணி துவைக்க விற்கும் சோடியம் பெர்கார்பனேட் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் காயாமல் ஊறவிட்டு, நைலான் பிரஷால் மர இழை ஓடும் திசையிலேயே தேய்த்துக் கழுவுங்கள். குளோரின் ப்ளீச் வேண்டாம். அது பாசியோடு மர இழையையும் அரிக்கும், ஸ்க்ரூவையும் துருப்பிடிக்க வைக்கும். வாட்டர் ஜெட்டை மிக அருகில் பிடித்து அடிப்பதும் அப்படித்தான். அடித்த அன்று பளிச்சென்று இருக்கும். ஆனால் மேற்பரப்பு பஞ்சாகப் பிரிந்திருப்பதால் அடுத்த முறை பாசி இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பச்சை வந்தால் மேலே அண்ணாந்து பாருங்கள். ஏர்கண்டிஷனர் தண்ணீர்க் குழாய் அங்கே சொட்டிக்கொண்டிருக்கும்; அல்லது கூரை ஓரக் குழாய் நிரம்பி வழியும். துளசித் தொட்டியும் கறிவேப்பிலைத் தொட்டியும் நேராகப் பலகை மேல் உட்கார்ந்திருந்தால் அதன் அடி காயவே காயாது. தொட்டியைக் கால் வைத்த தாங்கியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். காலையில் வாசல் கழுவும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சிமெண்டுத் தரையோடு அது நிற்கட்டும். மரத் தளத்தில் கோலம் போடக் கொஞ்சம் தெளித்தால் ஒன்றும் ஆகாது, தினமும் வாளி வாளியாக ஊற்றினால் நிச்சயம் ஆகும்.

நிறம் மங்கிச் சாம்பலாகிவிட்டது

இது வெயில் செய்யும் வேலை, மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் நடப்பது. மரம் பலமாகத்தான் இருக்கிறது. நிறம் பிடித்தால் அப்படியே விடுங்கள். பிடிக்காவிட்டால் கழுவி எண்ணெய் பூசலாம். இதற்காக யாரும் பலகையை மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

ஆணியைச் சுற்றி நீலக்கறுப்புக் கறை, சுவரில் செந்நீர் வழிகிறது

மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைத் தொட்டு, ஈரமும் சேர்ந்தால் மை போன்ற கறை வரும். சாதா ஆணியோ மலிவான முலாம் ஸ்க்ரூவோ போட்டிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் கறையை எடுத்துவிடும். அது நச்சுத்தன்மை உள்ளது: கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், எந்த நிலையிலும் ப்ளீச்சோடு கலக்காதீர்கள். ஆணி அப்படியே இருந்தால் கறை திரும்பும். துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவாக மாற்றுங்கள். கோலாலம்பூரில் 304 தரம் போதும். பினாங்கில் தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி போலக் கடற்காற்று அடிக்கும் இடங்களில் 316 தரம்தான் தாங்கும்.

சிவந்த தண்ணீர் வழிந்து வெள்ளைச் சுவரையும் கார் நிறுத்தும் தரையையும் கறையாக்கினால் அநேகமாக அது மெர்பாவ் மரம். புது மெர்பாவ் சில மாதங்கள் மழையில் அப்படிச் சாயம் விடும், பிறகு ஓயும். இதைச் சொல்லாமல் விற்றவர் மேல் கோபம் வருவது நியாயம். ஆனால் மரத்தில் குறையில்லை.

கால் வைத்தால் அமுங்குகிறது

இதுதான் கவனமாகப் பார்க்க வேண்டிய அறிகுறி. அமுங்கும் பலகையை மட்டும் மாற்றிவிட்டுப் போகும் பழுது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. சில மாதத்தில் பக்கத்துப் பலகை அமுங்கும்.

அமுங்கும் பலகையைக் கழற்றுங்கள். கழற்றும்போதே ஒரு செய்தி கிடைக்கும்: ஸ்க்ரூ முறுக்காமலே கையோடு வந்தால் கீழே பலகைகளைத் தாங்கும் அடிச்சட்டம் அதைப் பிடிக்கும் நிலையில் இல்லை. பலகையின் அடிப்பக்கம் உறுதியாக இருந்து, சட்டத்தின் மேல் விளிம்பு மட்டும் கருத்துப் பஞ்சாகியிருந்தால், ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சட்டத்தின் அடிப்பக்கம் மக்கியிருந்தால் அது தேங்கிய தண்ணீரில் நின்றிருக்கிறது. மருந்து வெவ்வேறு.

வரிசை வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இரண்டாவது வகை. கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலோ பின்பக்கத்திலோ ஏற்கனவே டைல் போட்ட தரை இருக்கும். அதன் மேல் பெரோட்டி எனப்படும் சிறு மரச்சட்டங்களைப் படுக்க வைத்து, மேலே பலகை அடித்துவிடுவார்கள். தரையில் தண்ணீர் ஓடச் சாய்வு இருக்கும். அந்தச் சாய்வுக்குக் குறுக்கே சட்டத்தைப் போட்டால் ஒவ்வொரு சட்டமும் ஓர் அணையாகிவிடும். மேலே பலகை காய்ந்து கிடக்கும், கீழே சட்டம் நாள் கணக்கில் நனைந்து கிடக்கும். மேலே செங்கால் என்ற உறுதியான மரத்தில் பலகையைப் போட்டுவிட்டு, கண்ணில் படாது என்று மெராந்தி என்ற உறுதி குறைந்த மரத்தில் சட்டத்தைக் கீழே வைத்திருந்தால் முடிவு இன்னும் சீக்கிரம்.

இந்தத் தளத்தைச் சீராக்கும் வழி: சட்டத்தைச் சாய்வு ஓடும் திசையிலேயே திருப்புங்கள். அது முடியாவிட்டால் ஒவ்வொரு சட்டத்தையும் பிளாஸ்டிக் தாங்கி வைத்து 15 முதல் 20 மி.மீ. தூக்குங்கள், அடியில் தண்ணீர் தாராளமாக ஓடட்டும். மரத்துண்டையே ஆப்பாக வைக்காதீர்கள், அதுதான் முதலில் மக்கும். சுவர் ஓரம் விரலளவு இடைவெளி விடுங்கள். தளத்தின் முன்பக்கத்தைப் பலகையால் முழுக்க மூடியிருந்தால் சந்து விட்டுத் திரும்ப அடியுங்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். சாக்கடை மூடி தளத்துக்கு அடியில் மாட்டியிருந்தால் அதற்கு மேலுள்ள பலகைகளைக் கையால் தூக்கும்படி தனிப் பகுதியாக மாற்றிவிடுங்கள்.

தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய தளமாக இருந்து, ஓரிரு சட்டம் மட்டும் கெட்டிருந்தால் பக்கத்தில் புதுச் சட்டம் சேர்த்துக் கட்டலாம். மக்கல் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டி ஓரடி வரை வெட்டி எடுத்துவிடுங்கள், பூஞ்சணத்தின் இழை நமக்குத் தெரிவதற்கு முன்னே ஓடியிருக்கும். புதுச் சட்டத்தை முடிந்தவரை முழு நீளத்துக்கே போட்டு, ஆணியை நம்பாமல் போல்ட்டால் இறுக்குங்கள். எல்லாச் சட்டங்களின் மேல் விளிம்பிலும் பிட்டுமன் அல்லது பியூட்டில் டேப் ஒட்டிவிட்டுப் பலகையைத் திரும்ப அடியுங்கள். ஸ்க்ரூ அந்த டேப்பைத் துளைத்துப் போகும்போது ஓட்டையைச் சுற்றி அது இறுகிக்கொள்ளும். செலவு சொற்பம், பலன் பல வருடம்.

இரண்டு சட்டத்துக்கு இடையே மட்டும் பலகை அமுங்கி, எங்குமே மக்கல் இல்லையென்றால் சட்ட இடைவெளி அதிகம். 20 மி.மீ. கனப் பலகைக்கு 400 மி.மீ. நடுவுக்கு நடு இருக்க வேண்டும். கடையில் ஒன்றுக்கு நாலு (அங்குலம்) என்று விற்கும் பலகை சீவிய பிறகு அந்தக் கனத்துக்குத்தான் வரும்.

பலகையின் இரு ஓரமும் தூக்கி, நடுவில் குழிகிறது

அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட ஈரமாக இருக்கிறது என்று பலகையே சொல்கிறது. வெயில் மேலே சுருக்குகிறது, கீழே ஈரம் உப்ப வைக்கிறது. மெஷின் வைத்துத் தேய்த்துச் சமமாக்கிவிடலாம் என்று தோன்றும். பொறுங்கள். கீழே காற்றோட்டத்தைச் சரிசெய்தால் பலகை ஓரளவு தானே படியும். அவசரப்பட்டுத் தேய்த்திருந்தால் அப்போது நடு மேடாகிவிடும். பலகைகளுக்கு இடையில் 4 முதல் 6 மி.மீ. சந்து இல்லாமல் ஒட்டி அடித்திருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கழற்றிச் சந்து கொடுத்து அடியுங்கள். நுனியில் விரிசல் வந்த பலகைக்கு ஸ்க்ரூ நுனிக்கு மிக அருகில் போயிருக்கிறதா, துளையிடாமல் முறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். செங்கால், பாலாவ் போன்ற கனமரத்தில் முதலில் துளை போடாமல் முறுக்கினால் ஒன்று மரம் பிளக்கும், அல்லது ஸ்க்ரூ தலை முறியும்.

ஆணி எழும்புகிறது, நடந்தால் கிறீச்சிடுகிறது

நனைந்து உப்புவதும் காய்ந்து சுருங்குவதும் ஆணியை மெல்ல மேலே தள்ளும். எழும்பிய ஆணியை அடித்து உள்ளே இறக்காதீர்கள், அது மறுபடி வரும். பிடுங்கிவிட்டு, பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் புது இடத்தில், பலகைக் கனத்தைப்போல் இரண்டரை மடங்கு நீளமுள்ள ஸ்க்ரூ போடுங்கள். புது இடத்திலும் பிடிக்கவில்லையென்றால் அமுங்கும் தளத்துக்கு மேலே சொன்ன பகுதிக்குத் திரும்புங்கள்.

பூச்சு உரிகிறது

வார்னிஷும் ஷெல்லாக்கும் மரத்தின் மேல் தோலாகப் படிபவை. ஒரு விரிசல் விழுந்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை; தோலுக்கு அடியிலேயே மரம் கருக்கும். வெளித் தளத்துக்கு ஊடுருவும் எண்ணெய்தான் என் பரிந்துரை. அது உரியாது, மங்கும். மங்கினால் கழுவித் திரும்பப் பூசிக்கொள்ளலாம். பழைய வார்னிஷை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகுதான் எண்ணெய் உள்ளே போகும். மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிசுபிசுக்கும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, ஆளிவிதை எண்ணெய் கலந்த துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள் அல்லது தண்ணீரில் ஊற வையுங்கள்.

நேரம் முக்கியம். தீபாவளிக்கு வீட்டைப் புதுப்பிக்கும்போது தளத்துக்கும் பூசிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பர் மழை கொட்டும் காலம். மரம் காயாது, பூசியதும் நிற்காது. ஜூன், ஜூலையில் முடித்துவிடுங்கள். பினாங்கில் தைப்பூசத்தை ஒட்டிய வெயில் வாரங்கள் தோதானவை. இரண்டு மூன்று நாள் மழையில்லாமல் இருந்தபின், விடிந்ததும் ஆரம்பித்தால் மாலை இடிமழைக்கு முன் மேற்பரப்பு ஓரளவு இறுகியிருக்கும்.

மாவு கொட்டுகிறது, மண் கோடு ஓடுகிறது

மாவுபோன்ற நுண்தூள் என்றால் உளுவண்டு, அது மரத்தின் வெளிர் நிற வெளிப்பகுதியைத்தான் தின்னும். கசகசா போன்ற சின்ன மணிகள் குவிந்திருந்தால் உலர்மரக் கரையான். தரையிலிருந்து தூணிலோ சுவரிலோ மண் கோடு ஏறினால் நிலத்தடிக் கரையான், மூன்றிலும் மோசமானது இது. கோட்டை ஓரிடத்தில் உடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளே ஆள் நடமாட்டம் இருக்கிறது.

அப்போது ஸ்ப்ரே டின்னை எடுக்காதீர்கள். கண்ணில் படுபவை சாகும். கூட்டம் வேறு வழி தேடி வீட்டுக்குள் திரும்பும். தூண்டில் முறையில் மருந்து வைத்துக் கூட்டத்தையே ஒழிக்கும் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆளை அழையுங்கள். வரிசை வீட்டில் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். நடுச்சுவர் ஒன்றுதான், கரையானுக்கு வீட்டு எண் கிடையாது.

கைப்பிடி ஆடுகிறது, தளம் சுவரைவிட்டு விலகுகிறது

இதில் நீங்களே எதையும் முயல வேண்டாம். தளத்தை வீட்டுச் சுவரோடு பிணைக்கும் சட்டம் விலகியிருந்தாலோ, சிமெண்டில் புதைத்த மரத்தூணின் அடி மக்கியிருந்தாலோ, மேலே ஆள் ஏறாமல் கயிறு கட்டிவிட்டுப் பொறியாளரையோ அனுபவமுள்ள கட்டட ஆளையோ கூப்பிடுங்கள். சரிவில் கட்டிய வீடுகளில் தளம் ஒரு மாடி உயரத்தில் இருக்கும், திறந்தவீட்டு விருந்தில் முப்பது பேர் ஒரே நேரத்தில் ஏறுவார்கள்.

கொண்டோ பால்கனி

கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறது என்று புகார் வந்தால், தளத்தை அடிக்கும்போது யாராவது தரையைத் துளையிட்டு நீர்த்தடுப்புப் படலத்தைக் குத்தியிருக்கலாம். பால்கனியில் தரையைத் துளைக்காமல், தாங்கியின் மேல் மிதக்கும் தளமாகத்தான் போட வேண்டும். வேலைக்கு முன் மேனேஜ்மென்ட்டிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பழுதா, முழு மாற்றமா?

என் அளவுகோல் அடிச்சட்டம். சட்டங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் குத்துச் சோதனையில் தோற்றால் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே மலிவு. சட்டங்கள் நன்றாக இருந்து பலகை மட்டும் கெட்டிருந்தால் பலகையை மாற்றுங்கள். பலகை செங்காலாக இருந்து சட்டம் மட்டும் போயிருந்தால் பலகையைத் தூக்கி எறிய விடாதீர்கள். சீவித் திருப்பிப் போட்டால் இன்னும் பல வருடம் உழைக்கும். இன்று அந்தத் தரத்தில் புது மரம் கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயம் உதவும். கெப்போங்கிலுள்ள ஃப்ரிம், அதாவது மலேசிய வன ஆராய்ச்சி நிலையம், இரண்டங்குலச் சதுரக் கட்டைகளை மண்ணில் நட்டு அவை எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கின்றன என்று பார்த்து மரங்களைத் தரம் பிரித்திருக்கிறது. பத்து ஆண்டுக்கு மேல் நின்றால் மிக உறுதியானது, இரண்டு ஆண்டுக்குள் போனால் உறுதியற்றது. செங்கால் முதல் வகை. மெராந்தி மேலே கூரை இருந்தால்தான் சரி. கெம்பாஸ் கனமாக இருப்பதால் ஏமாந்துவிட வேண்டாம், அதைக் கரையான் விரும்பும். எந்த மரமானாலும் வெளிர் நிற ஓரப் பகுதி சீக்கிரம் மக்கும், வாங்கும்போது அந்த ஓரம் உள்ள பலகையை ஒதுக்கிவிடுங்கள். இது செங்கால்தானா என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டை ஃப்ரிம்மில் கொடுத்து மரவகையைக் கண்டறியலாம்.

டபிள்யூபிசி என்ற பிளாஸ்டிக் கலந்த பலகையையும் பலர் கேட்கிறார்கள். கரையான் தொல்லை குறைவு, எண்ணெய் வேண்டாம். ஆனால் பகல் இரண்டு மணி வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாது, பாசியும் பிடிக்கும். அடிச்சட்டம் மரமாகவே இருந்தால் மேலே என்ன போட்டாலும் கீழே நடப்பது அதேதான்.

வேலையைக் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில. "அண்ணே, அடிச்சட்டம் என்ன மரம்? எந்தப் பக்கமா ஓடவிடப் போறீங்க? தண்ணி எங்க வெளியேறும்? ஸ்க்ரூ என்ன தரம்?" தயங்காமல் பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள். வெட்டிய நுனி ஒவ்வொன்றுக்கும் அடிக்கும் முன்பே எண்ணெயோ மெழுகுப் பூச்சோ தடவச் சொல்லுங்கள், தண்ணீர் மரத்துக்குள் வேகமாக ஏறுவது நுனி வழியாகத்தான். இதை வேலை முடிந்தபின் செய்ய முடியாது.

பிரித்தெடுத்த பழைய மரம் பச்சை சாயலோடு இருந்தால் அது ஆர்செனிக் கலந்த சிசிஏ மருந்து ஏற்றியதாக இருக்கலாம். அதை வெட்டும்போது முகக்கவசம் போடுங்கள். பொங்கலுக்கு அடுப்பெரிக்கவோ, பின்பக்கத்தில் குப்பையோடு கொளுத்தவோ கூடாது, புகையிலும் சாம்பலிலும் நஞ்சு இருக்கும். கட்டடக் கழிவு ஏற்றும் லாரியில்தான் அனுப்ப வேண்டும்.